ஸ்ட்ரோக்: ‘பக்கவாதம்’ போதுமா?

குழுவினருக்கு வணக்கம்.

நோயாளிகளுக்கான கையேட்டில் ‘ஸ்ட்ரோக்’ வரும் இடமெல்லாம் ‘பக்கவாதம்’ என்று போட்டு வந்தோம். ஓரிடத்தில் முட்டிக்கொண்டது. மூலத்தில் இருக்கும் செய்தி, ஸ்ட்ரோக் வந்த எல்லாருக்கும் பக்கவாதம் வருவதில்லை என்பது. நம் சொல்லைப் போட்டால், ‘பக்கவாதம் வந்த எல்லாருக்கும் பக்கவாதம் வருவதில்லை’ என்று நிற்கிறது!

இதயப் பகுதியில் இன்னொரு கூத்து. ‘ஸ்ட்ரோக் வால்யூம்’ என்பது இதயம் ஒரு துடிப்பில் வெளித்தள்ளும் இரத்தத்தின் அளவு. ஓய்வில் சுமார் 70 மி.லி. கணினி மொழிபெயர்ப்பு அதைப் ‘பக்கவாத அளவு’ ஆக்கிவிட்டது. அதைத் ‘துடிப்பளவு’ என்று திருத்திவிட்டேன். அதில் யாருக்கும் தகராறு இருக்காது.

மூளை நோய்க்கு ‘மூளைத்தாக்கு’ என்று முன்மொழிகிறேன்.

செ.

*

> மூளை நோய்க்கு ‘மூளைத்தாக்கு’

எனக்குச் சம்மதம். பக்கவாதம் என்பது விளைவின் பெயர். ஸ்ட்ரோக் என்பது மூளையில் நடக்கும் நிகழ்வின் பெயர். மூளைக் கட்டியாலும் தலைக்காயத்தாலும்கூட ஒரு பக்கம் செயலிழக்கும். அதுபோல, கை கால் நன்றாக இருக்கும்போதே ஸ்ட்ரோக் வரும். மூளையின் பின்பகுதிக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டால் திடீர்த் தலைசுற்றல், நடையில் தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, விழுங்கச் சிரமம். பேச்சுப் பகுதி மட்டும் பாதித்தால் வார்த்தை குழறும். “ஏதோ உளர்றார், தூங்கி எழுந்தா சரியாயிடும்” என்று வீட்டில் படுக்க வைத்துவிடுவார்கள்.

அங்கேதான் நேரம் போகிறது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவான வரம்பு 4.5 மணி நேரம். அது அறிகுறியைக் கண்ட நேரத்திலிருந்து அல்ல, நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து கணக்கு. இரவு 10 மணிக்குப் படுத்தவர் காலை 6 மணிக்கு வாய் கோணி எழுந்தால், கடிகாரம் 10 மணியிலிருந்து ஓடுகிறது. (அப்படி எழுந்தவர்களிலும் சிலருக்கு எம்.ஆர்.ஐ. பார்த்து ஊசி போட முடியும்.) பெரிய குழாய் அடைபட்டிருந்தால், ஸ்கேன் பார்த்துத் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடத் தொடை வழியே குழாய் செலுத்திக் கட்டியை எடுக்கலாம். ‘கையைத் தூக்க முடியுதே, அப்ப பக்கவாதம் இல்லை’ என்று வீட்டிலேயே காத்திருந்தால் இந்த இரண்டு வழியும் அடைபடும்.

ஒன்று மட்டும் வேண்டாம்: ‘மூளை அடைப்பு’. ஸ்ட்ரோக்கில் பெரும்பாலானவை அடைப்புதான், ஆனால் குழாய் வெடித்துக் கசிவதும் ஸ்ட்ரோக்தான். அடைப்பு என்று பெயர் வைத்தால் மாரடைப்பு நினைவில் வந்து, வீட்டிலேயே ஆஸ்பிரினைக் கொடுத்துவிடுவார்கள். கசிவாக இருந்தால் அது கேடு. அடைப்பா கசிவா என்று ஸ்கேன் எடுக்காமல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. விழுங்கும் திறனைச் சோதிக்கும்வரை வாய்வழி மாத்திரையோ தண்ணீரோ கொடுக்கவே கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

மரு. ந.

*

மருத்துவர் ஐயாவுக்கும் செ. அவர்களுக்கும் வணக்கம்.

இலங்கையில் நாங்கள் ‘பாரிசவாதம்’ என்று எழுதுகிறோம். பாரிசம் என்றாலும் பக்கம்தான். ஆகவே நீங்கள் சொல்லும் குறை அதற்கும் உண்டு. இருந்தாலும் அது சனங்கள் அறிந்த சொல். அதை ஒரேயடியாகத் தூக்கி எறிய வேண்டாம்.

வாதம் என்ற ஈற்றை விடுவதற்கு எனக்கு வேறொரு காரணம் தெரிகிறது. முடக்குவாதம் மூட்டு நோய். இளம்பிள்ளைவாதம் கிருமியால் வருவது. முகவாதம் பெரும்பாலும் முகநரம்பு வீங்குவதால் வருவது. வாதம், பித்தம், கபம் என்ற கணக்கில் இவை ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருக்கலாம். இன்றைய சிகிச்சையில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லை.

ஆனால் ‘தாக்கு’ என்றால் ஹார்ட் அட்டாக்குடன் குழம்பாதா?

கி., யாழ்ப்பாணம்

*

குழம்பாது என்றே நினைக்கிறேன். ஹார்ட் அட்டாக்குக்கு ‘மாரடைப்பு’ ஊன்றிவிட்டது. இதயத்தாக்கு என்று யாரும் பேசுவதில்லை. தவிர, ‘வெயில் தாக்கிருச்சு’ என்று ஏற்கெனவே சொல்கிறோம். ஹீட் ஸ்ட்ரோக்குக்கு ‘வெப்பத்தாக்கு’ என்று வைத்தால் இரண்டும் இணையாக நிற்கும். அது வேறு நோய் என்பதைக் கையேட்டில் பிரித்துச் சொல்லுங்கள்: உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் போய் நினைவு தடுமாறும், உடனே உடலைக் குளிர்விப்பதுதான் முதல் சிகிச்சை.

பேச்சுவழக்கைத் தேடிப் பார்த்தால் ‘ஒரு பக்கம் வெளங்காமப் போச்சு’, ‘கை கால் இழுத்துக்கிச்சு’, ‘வாய் கோணிக்கிச்சு’. முதலாவது வெகு துல்லியம், ஆனால் அதுவும் பக்கத்தைத்தான் பேசுகிறது. ‘இழுப்பு’ என்று சொல்லாக்கினால் சில ஊரில் வலிப்பு, சில ஊரில் ஆஸ்துமா.

செ. அவர்களே, கூட்டுச்சொற்களையும் இப்போதே போட்டுப் பாருங்கள். தனியாக அழகாக இருக்கும் சொல் அங்கேதான் கவிழும். சற்று நேரத்தில் தானே சரியாகிவிடும் ‘மினி ஸ்ட்ரோக்’கை எப்படி எழுதுவீர்கள்? ‘சிறு மூளைத்தாக்கு’ என்றால் அச்சில் இடைவெளி போனதும் ‘சிறுமூளைத்தாக்கு’ ஆகிவிடும். சிறுமூளை என்பது மூளையின் ஒரு தனிப் பகுதி. அதில் வரும் ஸ்ட்ரோக் உயிருக்கே ஆபத்தாகலாம்.

த.

*

அருமையான பிடி. ‘கடந்துபோன மூளைத்தாக்கு’ என்று யோசித்தேன். போன மாதம் வந்தது என்று படிப்பார்கள். ‘தற்காலிக மூளைத்தாக்கு’ எப்படி?

செ.

*

> ‘தற்காலிக மூளைத்தாக்கு’ எப்படி?

பொருள் சரி, தொனிதான் ஆபத்து. தற்காலிகம் என்றதும் ஆள் வீட்டுக்குப் போய்விடுவார். பத்து நிமிடத்தில் கை சரியானாலும், முழு ஸ்ட்ரோக் வரும் வாய்ப்பு அடுத்த 48 மணி நேரத்தில்தான் மிக அதிகம். ‘எச்சரிக்கைத் தாக்கு’ என்று வையுங்கள். வந்த எல்லாருக்கும் பெரிய ஸ்ட்ரோக் வந்துவிடாதுதான். எச்சரிக்கை என்றால் அவ்வளவுதானே பொருள்.

பக்கவாதத்தை ஒரு பக்கச் செயலிழப்புக்கு மட்டும் நிறுத்திக்கொள்ளலாம். கி. அவர்களின் பாரிசவாதமும் அதே வரியில் வரட்டும். முதல் பக்கத்தில் ‘மூளைத்தாக்கு எனும் ஸ்ட்ரோக்’ என்று எழுதுங்கள். பல மருத்துவமனைப் பலகைகளில் ‘ஸ்ட்ரோக்’ என்றுதான் இருக்கிறது. 108-க்குப் பேசுகிறவரும் அந்தச் சொல்லைச் சொன்னால் அங்கே சட்டென்று புரியும்.

மரு. ந.