இரவுப் பயணத்துக்கு முகப்பு விளக்கு போதவில்லை: பல்பை மாற்றினால் தீருமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். இரவுப் பணி முடிந்து நாள்தோறும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவை, தெருவிளக்கே இல்லாத இருவழிச் சாலையில் மோட்டார் சைக்கிளில் கடந்து வீடு திரும்புகிறேன். வண்டிக்கு எட்டு வயது. முகப்பு விளக்கில் எச்4 வகை, 60/55 வாட் ஹாலஜன் பல்பு (தொலைவுக்கான ஹை பீம் 60 வாட், கிட்டத்துக்கான தாழ்ந்த லோ பீம் 55 வாட்) இருக்கிறது. முன்பு இந்த வெளிச்சமே போதுமானதாக இருந்தது. ஓராண்டாக லோ பீமில் சாலை மங்கி, மண்ணெண்ணெய் விளக்கொளி பட்டதுபோல மஞ்சளாகத் தெரிகிறது. ஆனால் வழிகாட்டிப் பலகைகளும் சாலையோர மரக்கிளைகளும் தெளிவாகத் தெரிகின்றன. எனக்கே வெளிச்சம் போதாத நிலையிலும், எதிரே வருபவர்கள் நான் ஹை பீமில் வருவதாக எண்ணித் தங்கள் விளக்கைச் சிமிட்டிக் காட்டுகிறார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

சென்ற வாரம், பின்விளக்கு எரியாமல் ஓரமாக நின்றிருந்த ஒரு டிரெய்லரை மிக அருகில் சென்ற பிறகே கண்டேன். பிரேக்கை அழுத்தி, வண்டியை ஒடித்துத் திருப்பித் தப்பினேன். அதன் பின்பக்கத் தகட்டில் இருந்த துருக்கறை இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்று முதல் அந்தச் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட எனக்கு மனம் வரவில்லை.

100/90 வாட் பல்பு போடலாம் என்று ஒருவர் சொல்கிறார். எல்இடி பல்பு போதும் என்கிறார் இன்னொருவர். இரண்டு கூடுதல் விளக்குகளைப் பொருத்திவிடுவதே நல்லது என்பது மூன்றாமவரின் கருத்து. வண்டியின் பின்புறம் ஒரு பெட்டி பொருத்தியிருக்கிறேன். கருவிகள் நிறைந்திருப்பதால் அது எப்போதும் கனமாகவே இருக்கும். இதை முறையாகச் செய்து பார்த்தவர்கள் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

நானும் உங்களைப் போலவே இருளில் தவித்துவிட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் எச்4 பொருத்தத்தில் வரும் எல்இடி பல்புக்கு மாறினேன். வண்டிக்கு முன்னால் இருக்கும் சாலை பகல்போல வெளுத்துத் தெரிகிறது. மின்சாரமும் குறைவாகவே எடுக்கிறது. மழை பெய்து தார்ச்சாலை நனைந்திருக்கும்போது மட்டும், பழைய மஞ்சள் ஒளியே மேல் என்று தோன்றியதுண்டு. மற்றபடி எனக்கு மனநிறைவுதான்.

மறுமொழி 2

எதையும் வாங்குவதற்கு முன், இருக்கும் பல்பின் வெளிச்சம் எங்கே போகிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். நீங்கள் எழுதியதிலேயே இரண்டு தடயங்கள் இருக்கின்றன. ஒளி மஞ்சளாக மங்குவது, பல்புக்கு வோல்ட்டேஜ் குறைவாகப் போய்ச் சேர்வதன் அடையாளம். கிளைகள் தெளிவாகத் தெரிவதும் எதிரே வருபவர்கள் சிமிட்டுவதும், விளக்கின் முகம் மேல்நோக்கி இருப்பதன் அடையாளம். பின்பெட்டியின் எடையால் பின்பக்க ஷாக் அமுங்க, வண்டியின் மூக்கு நிமிர்ந்துவிடுகிறது. இந்த இரண்டு குறைகளும் அப்படியே இருக்க, எந்தப் பல்பைப் போட்டாலும் மரக்கிளைகள்தான் இன்னும் நன்றாகத் தெரியும்.

முதலில் வோல்ட்டேஜைப் பார்ப்போம். எச்4 பல்பின் ஒளியளவு 13.2 வோல்ட்டில் கணக்கிடப்படுகிறது: ஹை பீமுக்கு 1650 லூமென் (ஒளியளவின் அலகு), லோ பீமுக்கு 1000 லூமென். ஹாலஜன் பல்பின் ஒளி, வோல்ட்டேஜ் குறையும் அதே விகிதத்தில் குறைவதில்லை. அதைவிடப் பன்மடங்கு வேகமாகச் சரிகிறது. வோல்ட்டேஜில் 5 விழுக்காடு குறைந்தால் ஒளியில் சுமார் 16 விழுக்காடு போய்விடும். 10 விழுக்காடு குறைந்தால் 30 விழுக்காடு போய்விடும். லோ பீமுக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து கிளம்பி, சாவி சுவிட்ச், கைப்பிடியில் ஹை பீம், லோ பீம் மாற்றும் டிப் சுவிட்ச், வழியில் ஒயர்களை இணைக்கும் நான்கைந்து கப்ளர்கள் என்று எல்லாவற்றையும் மெல்லிய ஒயர் வழியாகக் கடந்துதான் பல்பை அடைகிறது. எட்டு ஆண்டு மழையும் தூசியும் பட்ட ஒவ்வொரு இணைப்பும் தன் பங்குக்குக் கொஞ்சம் வோல்ட்டை விழுங்கிக்கொள்ளும்.

இதை அளக்க ஒரு சாதாரண மல்ட்டிமீட்டர் போதும். எஞ்சினை ஓடவிட்டு, ஐட்லிங்கைவிடச் சற்று அதிக வேகத்தில் பிடித்துக்கொண்டு, லோ பீமை எரியவிடுங்கள். முதலில் பேட்டரி முனைகளில் அளவெடுங்கள், 13.5 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் குறை சார்ஜிங்கில் இருக்கிறது, விளக்கைத் தொடுவதற்கு முன், சார்ஜிங் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைக் கவனியுங்கள். பிறகு, பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே, கப்ளரின் பின்புறமாக ஊசியை நுழைத்துப் பல்பின் முனைகளில் அளவெடுங்கள். கப்ளரைக் கழற்றிவிட்டு அளந்தால் மின்னோட்டம் இல்லாததால் இழப்பே தெரியாது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். இரண்டு அளவுகளுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் ஒயரிங்கைச் சரிசெய்ய வேண்டும். எர்த் பக்கத்தையும், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியையும், தனியாகப் பாருங்கள்: மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையைப் பல்பின் எர்த்திலும் வைத்தால், அங்கே எவ்வளவு தொலைகிறது என்பது நேரடியாகத் தெரியும்.

இழப்பு மிகுதியாக இருந்தால் ரிலே, அதாவது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் மின்சுவிட்ச், போடுவதே நிலையான தீர்வு. பழைய ஒயர், ரிலேயை இயக்கும் வேலையை மட்டும் செய்யும். அதற்கு 85, 86 என்ற முனைகள். பல்புக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து 2 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 30ஆம் முனைக்கு வந்து, 87ஆம் முனை வழியாக நேரே பல்புக்குப் போகும். லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று என இரண்டு ரிலேக்கள் வேண்டும். ஃபியூஸைப் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தொலைவுக்குள் வையுங்கள். 60 வாட் பல்பு எடுப்பது சுமார் 5 ஆம்பியர் என்பதால் 10 ஆம்பியர் ஃபியூஸ் போதும். எர்த்துக்கும் அதே தடிமனில் தனி ஒயரைப் பேட்டரி வரை இழுங்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்: சில வண்டிகளில் விளக்கு பேட்டரியோடு சேராமல், எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் ஏசி மின்சாரத்தில் எரியும், சிலவற்றில் டிப் சுவிட்ச் எர்த் பக்கத்தைத் துண்டிக்கும். அவற்றில் இந்த இணைப்பு முறை இப்படியே பொருந்தாது.

100/90 வாட் பல்பைப் பற்றிக் கேட்டீர்கள். 90 வாட் என்றால் 7.5 ஆம்பியர். ஒயரில் ஓட்டம் கூடக்கூட இழப்பும் கூடும். எனவே பழைய ஒயரிங்கில் அந்தப் பல்பு தன் முழு வெளிச்சத்தைத் தரவே தராது. வெப்பம் மட்டும் முழுமையாக வந்து சேரும். இப்படி ஹோல்டர் உருகி, ஒளியைத் திருப்பி அனுப்பும் உட்கிண்ணமான ரிஃப்ளெக்டரின் மேல்பகுதி கருகிப்போன ஒரு விளக்கை என் கையாலேயே கழற்றியிருக்கிறேன். தயவுசெய்து அந்த வழியில் போக வேண்டாம்.

அடுத்தது விளக்கின் சாய்வு. சமதரையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நேராக நிறுத்துங்கள். டயர்களில் சரியான காற்று இருக்க வேண்டும், பெட்டியில் வழக்கமான சுமை இருக்க வேண்டும், நீங்கள் வண்டிமேல் அமர்ந்திருக்க வேண்டும். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதே உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். லோ பீமின் மேல்விளிம்பு, அதாவது வெளிச்சம் அறுந்து இருள் தொடங்கும் எல்லை, அந்தக் கோட்டுக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் விளக்கு 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் தாழ்ந்தால், அதன் ஒளிவிளிம்பு 90 மீட்டர் தொலைவில் சாலையைத் தொடும். அதே விளக்கு இம்மியளவு மேல்நோக்கியிருந்தாலும் அந்த விளிம்பு சாலையைத் தொடவே தொடாது.

ரிஃப்ளெக்டரின் உட்புறத்தையும் ஒருமுறை பாருங்கள். கண்ணாடிபோல மின்னாமல் சாம்பல் பூத்திருந்தால் விளக்குத் தொகுதியை மாற்ற வேண்டியதுதான். உள்ளே துணி விட்டுத் துடைத்துவிடாதீர்கள். அந்த அலுமினியப் பூச்சு மிக மெல்லியது, துடைத்தால் கையோடு வந்துவிடும்.

மறுமொழி 3

எல்இடி பற்றி முதல் மறுமொழி தந்த நண்பருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். எச்4 பல்பை உற்றுப் பார்த்தால், லோ பீமுக்கான இழைக்கு அடியில் சிறு கரண்டிபோல ஒரு தகடு தெரியும். ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்கு ஒளி போகாமல் அதுதான் தடுக்கிறது. மேல்பாதியில் பட்ட ஒளி மட்டும் கீழிறங்கிச் சாலையில் விழுகிறது. எதிரே வருபவரின் கண்ணைக் காப்பாற்றும் அந்தக் கூர்மையான விளிம்பு இப்படித்தான் உருவாகிறது. ரிஃப்ளெக்டரின் வளைவு முழுவதும், மெல்லிய இழை ஒன்று மிகச் சரியாக அந்த இடத்தில் இருக்கும் என்று நம்பி வடிவமைக்கப்பட்டது. எல்இடி பல்பில் ஒளி, ஒரு தகட்டின் இரு பக்கங்களிலும் ஒட்டிய சில்லுகளிலிருந்து கிளம்புகிறது. தகடு தடிமனாக இருந்தாலோ, சில்லுகள் இடமும் வலமும் நோக்காமல் திரும்பியிருந்தாலோ, குவிய வேண்டிய ஒளி சிதறுகிறது. சிதறிய ஒளியில் வண்டிக்கு முன்னால் இருக்கும் பத்துப் பதினைந்து மீட்டர் பளிச்சென்று ஆகும். அதைக் கண்டு மனம் நிறையும். ஆனால் அந்தப் பளிச்சே கண்பாவையைச் சுருக்கி, தொலைவில் இருக்கும் மங்கலான பொருளைக் காணவிடாமல் செய்துவிடும்.

ஒரு சோதனை போதும். லோ பீமை எரியவிட்டு, 30 மீட்டர் முன்னால் நடந்து சென்று, காரில் அமர்ந்திருப்பவரின் கண் உயரத்துக்குக் குனிந்து உங்கள் விளக்கைப் பாருங்கள். கண் கூசினால், அந்தச் சாலையில் உங்களுக்கு எதிரே வருகிற ஒவ்வொருவருக்கும் அப்படித்தான் கூசுகிறது. பல நாடுகளில், ஹாலஜனுக்கென ஒப்புதல் பெற்ற விளக்கில் எல்இடி பல்பைப் போடுவது சட்டப்படி செல்லாது. ஜெர்மனியில்கூட 2020ஆம் ஆண்டு முதல், குறிப்பிட்ட வண்டி மாதிரிகளுக்கென்று சோதித்து ஒப்புதல் பெற்ற எல்இடி பல்புகளை மட்டுமே அனுமதிக்கிறார்கள். எல்இடிதான் வேண்டுமென்றால், எல்இடிக்கென்றே வடிவமைத்த முழு விளக்குத் தொகுதியை வாங்குவது முறை. அப்போதும், அது உங்கள் சாலையின் பக்கத்துக்கு உரியதா என்று பாருங்கள். வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கென்று செய்த விளக்கை இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் மாட்டினால், ஓரத்தைக் காட்ட உயர்ந்திருக்கும் ஒளி எதிரே வருபவரின் முகத்தில் அடிக்கும்.

கேட்டவர்

இரண்டு நாள் விடுப்பில் எல்லாவற்றையும் அளந்து பார்த்தேன். பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்தது. பல்பின் முனைகளில் 11.6 தான். இழந்த 2.2 வோல்ட்டில் 0.7 எர்த் பக்கத்தில் போயிருந்தது. கப்ளரைப் பிரித்தபோது காரணம் கண்ணுக்கே தெரிந்தது: வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி, எர்த் முனையைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது, விரலால் தொட்டதும் அந்த முனை ஆடியது. பீங்கான் ஹோல்டரும் இரண்டு ரிலேக்களும் போட்டு, எர்த்துக்குத் தனி ஒயர் இழுத்தேன். இப்போது பல்பில் 13.4 வோல்ட் காட்டுகிறது. பழைய பல்புதான், ஆனால் ஒளி வெண்மையாகிவிட்டது.

சுவரில் பார்த்தபோது லோ பீமின் விளிம்பு கோட்டுக்கு 8 சென்டிமீட்டர் மேலே இருந்தது. அதைக் கோட்டுக்கு 12 சென்டிமீட்டர் கீழே கொண்டுவந்தேன். நேற்றிரவு ஒருவர்கூட விளக்கைச் சிமிட்டவில்லை. டிரெய்லர் நின்றிருந்த அந்த இடத்தில் வேண்டுமென்றே மெதுவாகச் சென்று பார்த்தேன். ஓரத்து வெள்ளைக்கோடு நெடுந்தொலைவு வரை தெரிந்தது.

வளைவுகளில் மட்டும் வண்டியைச் சாய்த்தவுடன் உட்பக்கம் இருண்டுவிடுகிறது. ஹை பீமும் நீண்ட நேர்சாலையில் இன்னும் சற்று எட்டினால் நன்றாக இருக்கும். இதற்குக் கூடுதல் விளக்கு உதவுமா?

மறுமொழி 2 எழுதியவர்

மிக்க மகிழ்ச்சி. 11.6 வோல்ட்டிலிருந்து 13.4 வோல்ட்டுக்கு ஏறியதால் மட்டுமே, கணக்குப்படி ஒளி ஏறத்தாழ 1.6 மடங்காகியிருக்கும்.

வளைவில் இருள்வது உங்கள் விளக்கின் குறையன்று. வண்டி சாயும்போது விளக்கும் சேர்ந்து சாய்வதால், ஒளிவிளிம்பு வளைவின் உட்பக்கம் தாழ்ந்து, நாம் பார்க்க வேண்டிய இடத்துக்கு முன்பாகவே முடிந்துவிடுகிறது. பிஎம்டபிள்யூ நிறுவனம் கே 1600 ஜிடி வண்டியில், சாய்வுக்கேற்ப ஒளியைத் திருப்பும் விளக்கைக் கொண்டுவந்தது இதற்காகத்தான். நம் வண்டியில், அகலமாகப் பரவும் ஒளியுடைய ஒரு சோடி சிறிய விளக்குகளை முகப்பு விளக்குக்குக் கீழே பொருத்தி, நன்றாகத் தரைநோக்கித் திருப்பி வைத்தால், வளைவின் உட்பக்க ஓரம் ஓரளவு தெரியும்.

நேர்சாலைக்கு வேண்டியது குறுகிக் குவியும் ஸ்பாட் விளக்கு. இரு மடங்கு தொலைவில் அதே வெளிச்சம் விழ நான்கு மடங்கு ஒளி வேண்டும் என்பதால், பரவும் விளக்கு எத்தனை வாட்டாக இருந்தாலும் தொலைவுக்கு உதவாது. தொலைவு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு: 80 கிலோமீட்டர் வேகத்தில், ஆபத்தை உணர்ந்து கை பிரேக்கைத் தொட ஒன்றரை நொடி ஆனால் அதற்குள் 33 மீட்டர் போய்விடும், உலர்ந்த சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தாலும் மேலும் 42 மீட்டர் வேண்டும். மொத்தம் 75 மீட்டர். இப்போது உங்கள் லோ பீமின் விளிம்பு சாலையைத் தொடுவதும் ஏறக்குறைய அந்தத் தொலைவில்தான். கறுப்பு உடையில் நடந்து வருபவர் அதற்குப் பாதியில்கூடத் தெரியாமல் போகலாம். ஆகவே எதிரே வண்டி வந்து நீங்கள் லோ பீமுக்கு மாறியிருக்கும் நேரங்களில், 50 கிலோமீட்டர் வேகத்துக்குள் இருந்துவிடுங்கள்.

விளக்குகளை வாங்கும் முன், வண்டியின் ஆல்டர்னேட்டர் தாங்குமா என்று பாருங்கள். 20 வாட் விளக்குகள் இரண்டு என்றால் ஏறத்தாழ 3 ஆம்பியர். எல்லா விளக்குகளையும் எரியவிட்டு, நீங்கள் வழக்கமாக ஓட்டும் எஞ்சின் வேகத்தில் பேட்டரியை அளக்கும்போது 12.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி நின்றால், பேட்டரி கரைகிறது என்று பொருள். ஸ்பாட் விளக்கின் ரிலேயை இயக்கும் ஒயரைத் தனிச் சுவிட்சோடு மட்டும் நிறுத்திவிடாமல், ஹை பீம் ஒயரிலிருந்தே எடுங்கள். அப்படிச் செய்தால், எதிரே வண்டி வரும்போது டிப் சுவிட்சை ஒருமுறை அழுத்தினாலே ஹை பீமும் ஸ்பாட்டும் சேர்ந்து அணையும். இருளில் இன்னொரு பொத்தானைத் தேட வேண்டியிருக்காது.