கிறிஸ்துமஸ் மதியத்துக்கு உங்கள் வீட்டில் இடம் உண்டா?

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

பினாங்கு குளுகோரில் உள்ள யூஎஸ்எம்மில் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) படிக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகள் சிலர் நம் ஆராதனைக்கு வருகிறார்கள். நைஜீரியா, இந்தோனேசியா, இலங்கைக்காரர்கள். டிசம்பர் 25 இங்கே பொது விடுமுறை. ஊருக்குப் போக டிக்கெட் காசு இல்லாதவர்கள் ஹாஸ்டலிலேயே கிடப்பார்கள். கைகுலுக்கி, ஒரு துண்டு கேக் கொடுத்து அனுப்பிவிட எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்நியரை உபசரிக்க வேதாகமத்தில் எபிரேயர் 13ஆம் அதிகாரம் சொல்வது சபை மண்டபத்தோடு முடிகிற காரியமா?

இரண்டு பேரை மதியச் சாப்பாட்டுக்கு எந்தக் குடும்பம் அழைத்துக்கொள்ளும்? தடபுடல் வேண்டாம், உங்களுக்குச் சமைப்பதே போதும். காரம் மட்டும் கொஞ்சம் குறைவாக. சிலர் முஸ்லிம் நண்பர்களையும் கூட்டிவரலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக வரட்டும். ஆனால் அந்த வீட்டில் எல்லாமே ஹலாலாக இருக்க வேண்டும், பிரசங்கம் கூடாது. விருந்தாளி விருந்தாளிதான்.

கார் உள்ள தம்பிகளும் தேவை, ஏற்றி இறக்க.

வீடு எந்தப் பக்கம், எத்தனை பேர், நாய் வளர்க்கிறீர்களா என்று இங்கேயே எழுதுங்கள். வருகிற ஞாயிறுக்குள் தெரிந்தால் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன்.