செமி ஹாலோ பேஸ் மேடைக்குத் தாங்குமா?

வணக்கம். என்னிடம் இருப்பது நான்கு கம்பி சாலிட் பாடி (உள்ளே வெற்றிடம் இல்லாத முழு மர உடல்) பேஸ் கிட்டார். 1951-ல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன் வழியில் செய்தது, 34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்). ஸ்வரம் நீண்டு நிற்கும், டிரம்ஸுக்கு நடுவிலும் தெளிவாகக் கேட்கும். ஆனால் மெதுவான பாட்டுகளுக்கு, மீட்டியதும் மலர்ந்து உடனே அடங்குகிற மரத்தொனி வேண்டும் என்று மனசு கேட்கிறது. ஃப்ளாட்வுண்ட் கம்பி (தட்டையான உலோக நாடா சுற்றிய வழவழப்பான கம்பி) போட்ட செமி ஹாலோ (உடலுக்குள் ஓரளவு வெற்றிடம் உள்ள) பேஸ் ஒன்றை வாசித்துப் பார்த்தேன். விரலின் அழுத்தம் கொஞ்சம் மாறினாலும் தொனியில் தெரிந்தது, அவ்வளவு அழகு! அப்புறம் ஆம்பைக் கூட்டியதும் கீழ் ஸ்வரங்களில் ஃபீட்பேக் (ஆம்பின் சத்தமே கிட்டாரை அதிரவைத்து எழுப்பும் ஊளை) கிளம்பிவிட்டது.

மேடையில் வாசிப்பவர்கள் சொல்லுங்கள்: உடலின் நடுவே கட்டை வைத்த மாடல் என்றால் சத்தமான டிரம்ஸ் பக்கத்தில் சமாளிக்குமா? உடலின் முன்பக்கத்தில் உள்ள f வடிவ எஃப் துளைகளை அடைத்தால் தொனி கெடுமா? இல்லை, என் சாலிட் பாடியிலேயே ஃப்ளாட்வுண்ட் போட்டு, பிரிட்ஜ் (உடல் மேல் கம்பிகளைத் தாங்கும் பகுதி) அருகே ஸ்பாஞ்ச் செருகினால் போதுமா?