மார்க்டவுனில் தட்டிய தாத்தாவின் குறிப்பேட்டில் ஆண்டுகள் தாமாக மாறுகின்றன

வினா: வாய்க்கால்கரையான்

அனைவருக்கும் வணக்கம். மேலூர்ப் பக்கம் பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீரில் ஒருபோகம் நெல் விளைவித்த என் தாத்தா, மடை திறந்த நாள், வீட்டு விசேஷங்கள், நடவுப் பாட்டுகள் ஆகிய அனைத்தையும் ஒரே கணக்கு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதை நோட்பேடில் தட்டச்சு செய்து, மார்க்டவுன் குறிகள் (தலைப்பு, பட்டியல், தடித்த எழுத்து போன்றவற்றைக் காட்டும் எளிய குறிகள்) இட்டு, பாண்டாக் என்னும் கோப்பு மாற்றும் நிரல் வழியாகப் பிடிஎஃப் ஆக்கி உறவினர்களுக்குக் கொடுக்க முயல்கிறேன். தாத்தா ஒவ்வொரு பதிவையும் ஆண்டும் புள்ளியுமாகத் தொடங்குவார். நானும் அப்படியே தட்டினேன்.

1959. வைகை அணை திறந்தார்கள்.
1962. தெற்குக் கிணறு வற்றியது.
1967. மூத்தவள் கல்யாணம்.

பிடிஎஃபில் இவை 1959, 1960, 1961 என்று வருகின்றன. பதினெட்டு வயதில் திருமணமான அத்தைக்குப் பன்னிரண்டு வயதிலேயே தாலி கட்டிவிட்டோம் என்று ஆகிறது. விந்தை என்னவென்றால், சில பக்கங்களில் ஆண்டுகள் சரியாகவே இருக்கின்றன. இது தவிர, பாட்டு வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பத்தியாகிவிடுகின்றன. நான்கு இடம் உள்தள்ளிய வரிகள் அச்சில் வெறும் கட்டங்களாக வருகின்றன. ஊர்ப் பெயர்களைத் தடித்த எழுத்தில் காட்ட இருபுறமும் இரட்டை அடிக்கோடு இட்டேன்; பல இடங்களில் அந்தக் கோடுகளே அச்சாகின்றன.

மறுமொழி 1: அச்சுக்கோப்பவர்

ஐயா, பிழை தட்டச்சில் இல்லை. வரியின் தொடக்கத்தில் எண்ணும் புள்ளியும் இடைவெளியும் வந்தால் அதை எண்ணிட்ட பட்டியல் என்று மார்க்டவுன் எடுத்துக்கொள்ளும். பாண்டாக் முதல் எண்ணை மட்டுமே மதிக்கும்; அடுத்தடுத்த வரிகளில் நீங்கள் எந்த எண்ணைத் தட்டியிருந்தாலும் அதைப் புறக்கணித்து, தானே ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போகும். ஜான் குரூபர் 2004இல் வெளியிட்ட முதல் மார்க்டவுன் நிரலாக இருந்திருந்தால் 1, 2, 3 என்று வந்திருக்கும். தவறு உடனே கண்ணில் பட்டிருக்கும். இப்போது வருவதும் ஆண்டு போலவே தோன்றுவதால்தான் ஆபத்து. சில பக்கங்கள் சரியாக இருப்பதன் காரணத்தையும் நீங்களே சோதித்துப் பார்க்கலாம்: அங்கே ஒரு பதிவுக்குக் கீழே, ஒரு வெற்று வரி விட்டு, உள்தள்ளாத இன்னொரு பத்தி இருக்கும். அந்தப் பத்தியோடு பட்டியல் முறிந்து, அடுத்த ஆண்டு புதிய பட்டியலின் முதல் எண்ணாகிவிடுவதால் அது தப்பிவிடுகிறது.

புள்ளிக்கு முன் ஒரு பின்சாய்கோடு இட்டால் போதும். கோடு அச்சில் வராது.

1962\. தெற்குக் கிணறு வற்றியது.

பாட்டுக்கு வருகிறேன். ஒற்றை வரிமுறிவை மார்க்டவுன் வெறும் இடைவெளியாகவே கருதும். வரியின் முடிவில் இரண்டு இடைவெளி விடலாம் என்பார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்பி நூறு பாட்டைத் தட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாண்டாக்கில், ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் செங்குத்துக்கோடும் (|) ஓர் இடைவெளியும் இட்டால் வரிகள் பிரிந்தே நிற்கும், உள்தள்ளலும் அப்படியே காக்கப்படும். நான்கு இடம் தள்ளிய வரி கணினி நிரல்வரியாகக் கொள்ளப்பட்டு வேறு எழுத்துருவுக்குப் போய்விடுகிறது. அந்த எழுத்துருவில் தமிழ் இல்லை. கட்டங்கள் வருவது அதனால்தான்.

மறுமொழி 2: திருமங்கலம் வாசகி

பின்சாய்கோடு சரியான தீர்வுதான். ஆயினும் நூற்றுக்கணக்கான பதிவுகள் இருக்குமானால், ஆண்டுகளைத் தலைப்பாக்கி, ஆண்டுக்கு முன்னால் இரண்டு எண்குறியும் (##) ஓர் இடைவெளியும் இட்டு, பதிவை அடுத்த பத்தியில் எழுதுவதே மேல் என்பது என் கருத்து. பாண்டாக்கே பொருளடக்கம் தயாரித்துத் தரும். பேரன் பேத்திகள் தங்கள் பிறந்த ஆண்டைத் தேடி எடுப்பார்கள்.

அடிக்கோட்டுச் சிக்கல் தமிழுக்கே உரிய தொல்லை. சொல்லின் நடுவில் வரும் அடிக்கோடு கோப்புப் பெயர்களில் வருவதைப் போன்றது என்று கருதி, பாண்டாக் அதைத் தடித்த எழுத்தின் குறியாக எடுத்துக்கொள்வதில்லை. நாமோ ஊர்ப் பெயருக்குப் பின் வேற்றுமை உருபை ஒட்டி எழுதுகிறோம். ஆகவே உடுக்குறியைப் பயன்படுத்துங்கள்:

**கொட்டாம்பட்டி**யில்

'மேலூரில்' என்பதில் இதுவும் உதவாது. ரகரத்துக்கும் இகரக் குறிக்கும் நடுவே உடுக்குறியை நுழைத்தால் எழுத்தே உடைந்துவிடும் என்பதால், முழுச் சொல்லையும் தடிப்பாக்குங்கள். இதே கோப்பைப் பின்னர் இணையத்தில் ஏற்றுவதாக இருந்தால் இன்னொன்று: 2014இல் வெளியான காமன்மார்க் (மார்க்டவுனுக்கான பொது வரையறை) விதிகளின்படி, மேற்கோள்குறி உடுக்குறிகளுக்கு உள்ளே இருந்து, உருபு வெளியே ஒட்டி நின்றால், தடிப்பு மூடாது. மேற்கோள்குறியை வெளியே வையுங்கள்.

மறுமொழி 3: வாய்க்கால்கரையான்

இருவருக்கும் நன்றி. அச்சுக்கோப்பவர் சொன்னபடியே, ஆண்டு சரியாக இருந்த ஒவ்வோர் இடத்துக்கும் முன்னால் தனிப் பத்தி ஒன்று இருந்தது. வாசகி அம்மா சொன்ன தலைப்பு முறை வசதியானதே; ஆனால் ஆண்டும் புள்ளியும் பதிவும் ஒரே வரியில் ஓடுவதே தாத்தாவின் கை என்பதால் பின்சாய்கோட்டையே தேர்ந்தேன். அத்தையின் திருமணம் 1967க்குத் திரும்பிவிட்டது. நடவுப் பாட்டுகளுக்குச் செங்குத்துக்கோடு இடும் வேலை இன்னும் நாற்பது பக்கம் இருக்கிறது.