உழைப்பாளியை வரைந்தால் அது உழைப்பாளியின் கலை ஆகிவிடுமா?

கேள்வி:
தோழர்களே, மெக்சிகோ ஓவியர் டியாகோ ரிவேரா 1932-33இல் டெட்ராய்ட் கலைக்கூடத்தின் சுவர்களில் தீட்டிய 27 ஓவியங்களின் அச்சுப் படங்களைச் சென்ற வாரம் எங்கள் தொழிற்சங்க வாசிப்பு வட்டத்தில் பார்த்தோம். ஃபோர்டு ஆலையில் ஆட்கள் ஒரே தாளத்தில் பின்சாய்ந்து இழுக்கும் காட்சியைக் கண்ட கடைசல் பிரிவுத் தோழர், "இப்படி இரண்டு மணி நேரம் நின்றால் இடுப்பு விட்டுப்போகும், வரைந்தவர் ஆலைக்குள் போய்ப் பார்த்திருக்கிறார்" என்றார். "காசு கொடுத்தவர் முதலாளி ஹென்றி ஃபோர்டின் மகன்தானே?" என்று இன்னொருவர் கேட்க, பேச்சு அதோடு நின்றுவிட்டது. இதை யாருடைய கலை என்று சொல்வது?

மறுமொழி 1:
காசு யாருடையது என்பதை மட்டும் பார்த்து ஓர் ஓவியத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தக் காசு எதுவரை பொறுத்துக்கொள்ளும் என்பதைப் பார்த்தாக வேண்டும். 1933இல் நியூயார்க்கில் பெருமுதலாளி ராக்பெல்லர் குடும்பம் கட்டிய ராக்பெல்லர் மையச் சுவரில் லெனின் முகத்தை வரைந்த ரிவேரா, அதை அகற்ற மறுத்ததால் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். 1934 பிப்ரவரியில் அந்தச் சுவரோவியமே உடைத்தெறியப்பட்டது. டெட்ராய்ட் ஓவியங்கள் தப்பிப் பிழைத்தன. எனக்கு உறுத்துவது அதுதான். 1932 மார்ச் 7 அன்று வேலையிழந்தவர்கள் ஃபோர்டு ஆலையை நோக்கி நடத்திய பேரணியில் துப்பாக்கிச் சூடு நடந்து, அன்றே நான்கு பேர் இறந்தார்கள். அடுத்த மாதம் ரிவேரா அந்த நகருக்கு வந்தார். 27 ஓவியங்களில் ஒன்றிலும் அந்தப் பேரணி இல்லை.

மறுமொழி 2:
தோழர் சொல்வது சரிதான் என்றாலும், சுவரோவியத்தை வைத்தே இதை முடிவுசெய்வது போதாது. ஜெர்மானிய ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் 1893 முதல் 1897 வரை நெசவாளர் கிளர்ச்சியை ஆறு அச்சோவியங்களாகச் செய்தார். முதல் ஓவியத்தில் தறி பின்னால் நிற்கிறது. நோயுற்ற குழந்தையின் படுக்கையருகே தாய் தலையைக் கைகளில் தாங்கியிருக்கிறாள். கிளர்ச்சி அந்தக் கைகளில் தொடங்கிவிடுகிறது. 1898இல் நடுவர்கள் பரிந்துரைத்த பதக்கத்தைப் பேரரசர் மறுத்தார். கோல்விட்ஸும் தொழிலாளி அல்லர், தொழிலாளர்களுக்கு மருத்துவம் பார்த்தவரின் மனைவி. ஆனால் அச்சோவியம் ஒரே சுவரோடு கட்டுண்டு கிடப்பதில்லை. பல படிகள் எடுக்கலாம், கைமாறலாம்.

மறுமொழி 3:
இருவரும் தொழிலாளியைப் பார்த்தவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். ஷிப்டு முடிந்து வந்தவனுக்குத் தூரிகை பிடிக்க நேரம் ஏது என்று யாரும் கேட்கவில்லை. வேலை நேரத்தைக் குறைக்கச் சங்கம் போராடுவதைக் கூலிப் பிரச்சினையாக மட்டும் எண்ணுகிறோம். கலைப் பிரச்சினையும் அதற்குள்தான் இருக்கிறது. (ஆலை ஆண்டுவிழா ஓவியப் போட்டியை இதில் சேர்க்க வேண்டாம்.)

கேள்வி கேட்டவர்:
இதை எங்கள் கடைசல் தோழரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, வேலை அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்த தமது எந்திரத்தைக் காட்டினார். பல் சக்கரங்கள் துல்லியமாக இருந்தன, ஆளைக் காணோம். "எனக்கு என் கை மட்டும்தானே தெரியும்?" என்றார்.