சினை ஊறப்போட்டு மீன் புடிச்ச அனுபவம் (சுங்கை சிப்புட், மலேசியா)

மீன் சினைய (வயித்துல இருக்குற முட்டைய) இரையா போட்டு மீன் புடிச்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்கன்னு ஒரு தம்பி கேட்டிருந்தாரு, அதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போவும்.

நான் தோட்டத்துல பொறந்து வளந்தவன், மண்புழுவும் பழுத்த செம்பனக் காயும்தான் எனக்கு தெரிஞ்ச இரை. ஒரு அக்டோபர்ல அக்கா மகன் வீட்டுக்கு கனடா போனேன், பிரிட்டிஷ் கொலம்பியாவுல சில்லிவாக்னு ஒரு ஊரு, பக்கத்துலயே வெட்டர் ஆறு. அந்த சமயத்துல கோஹோ, சம்னு ரெண்டு வகை சால்மன் மீனு எல்லாம் கடல்ல இருந்து ஆத்துல ஏறி வருது. கரை ஓரமா பாத்தா அத்தன பேரும் சிவப்பா ஒரு உருண்டைய முள்ளுல கோத்து தக்கை விட்டுகிட்டு நிக்கிறாங்க, என்னான்னு கேட்டா அதுவும் சால்மன் சினைதான். முட்டை போட ஆத்துக்குள்ள வந்த சால்மன் தீனி எடுக்குறத நிறுத்திடும், ஆனாலும் சினைய கண்டா கவ்வுது, ஏன்னு கேட்டா ஆளுக்கொரு காரணம் சொல்றாங்க.

மருமகன் ஒரு பொட்ட கோஹோ இழுத்தான். மண்டையில ஒரே அடி, அடிச்ச கையோட செவுள அறுத்து தண்ணியில தொங்க விட்டுட்டான். "மாமா, மொதல்ல ரத்தம் போவணும், சினையில ரத்தம் தங்குனா கெட்டுப் போயிரும், அப்புறம் என்னா மருந்து போட்டாலும் வீண்"னு சொன்னான். வீட்டுக்கு வந்து வயித்த கிழிச்சு ரெண்டு சினையையும் சவ்வோட முழுசா எடுத்தான். நான் நம்ம பழக்கத்துல கொழாத் தண்ணியில கழுவப் போனேன், கைய புடிச்சு நிறுத்திட்டான், நல்ல தண்ணி பட்டா முட்டை வெளுத்துப் போயிருமாம். டிஷ்யூவால ஒத்தி எடுத்து, நரம்புல நிக்கிற ரத்தத்த ஸ்பூன் முதுகால தள்ளித் தள்ளி வெளியாக்குனான், அதுக்கே அர மணி நேரம், அவ்வளவு பொறுமை. அப்புறம் புத்தகம் மாதிரி விரிச்சு வச்சு தூவுனான். ரெண்டு கப் போரேக்ஸ், ஒரு கப் சீனி, ஒரு கப் அயோடின் சேக்காத உப்பு, கலருக்கு ஸ்ட்ராபெரி ஜெல்லிப் பவுடர், அவ்வளவுதான். போரேக்ஸ்னா வேற ஒன்னும் இல்ல, தட்டார் நகை பத்த வைக்கப் போடுற வெங்காரம்.

போத்தல்ல போட்டு மூடி வச்சா ரெண்டு மூனு மணி நேரத்துல சினை தண்ணி விட்டு சுருங்கிப் போச்சு, கெட்டுப் போச்சுன்னே நெனச்சேன். அந்த தண்ணிய மட்டும் கொட்டிடக் கூடாதுன்னான். மறுநாள் பாத்தா அதே தண்ணிய திரும்ப குடிச்சு ஒவ்வொரு முட்டையும் பட்டாணி கணக்கா திரண்டு ரப்பர் மாதிரி நிக்குது!! அப்புறம் பேப்பர்ல பரப்பி ஒட்டாத பதத்துக்கு காய வச்சு, துண்டு போட்டு ஃப்ரீசர்ல அடுக்கிட்டான்.

ஊருக்கு வந்ததுல இருந்து இதே நெனப்பு. நம்ம பசார்ல சால்மன் தலை கெடைக்கும், சினை கெடைக்காது, பண்ணை மீன சினை வைக்கிறதுக்கு முன்னாடியே வெட்டிடுறாங்க. அதனால ரோகு சினை வாங்கி செஞ்சேன். மொத தடவ மீன்காரரே கழுவிக் குடுத்துட்டாரு, நானும் மோட்டார்ல மாட்டிகிட்டு வெயில்ல வந்தேன், வீட்டுக்கு வரும்போதே கொழகொழன்னு ஆயிருச்சு. ரெண்டாவது தடவ ஐஸ் போட்ட டப்பா எடுத்துட்டுப் போயி கழுவாம வாங்கி வந்தேன், பதம் நல்லா வந்துச்சு, ஆனா ரோகு முட்டை கசகசா மாதிரி பொடிசு, முள்ளுல நிக்கவே இல்ல. மருமகன்கிட்ட கேட்டா வலைத்துணியில முடிஞ்சு போடுங்கன்னான். துணிக்கடையில கொஞ்சம் வலைத்துணி வாங்கி, கோயிலுக்கு நேந்துகிட்டு காசு முடியுற மாதிரி சின்னச் சின்னதா முடிஞ்சு, பேராக் ஆத்துல போட்டேன். ஒரு காலையில ரெண்டு பாவுங் மீன் (கெளுத்தி வகை), ஒரு லம்பாம் மீன் (கெண்டை வகை). நெறைய இல்லதான், ஆனா பக்கத்துல மண்புழு போட்டவருக்கு அன்னிக்கு ஒன்னுமே இல்ல.

இப்ப முக்கியமான விசயம். போத்தல வீட்டு ஐஸ்பெட்டியிலயே வச்சிருந்தேன். எங்கம்மாவுக்கு சினை வறுவல்னா உசுரு. ஒரு நாள் வேலை முடிஞ்சு வர்றேன், சட்டியில எண்ணெ காயுது, கிண்ணத்துல அந்த சினைய கொட்டி மஞ்சத்தூள் மொளகாத்தூள் போட்டு பெசஞ்சு வச்சிருக்காங்க. பாஞ்சு போயி புடுங்கி குப்பையில போட்டேன், கை நடுக்கம் நிக்கவே ரொம்ப நேரம் ஆச்சு. போரேக்ஸ் வயித்துக்குள்ள போவவே கூடாத சாமான், நம்ம நாட்டுல சாப்பாட்டுல சேக்க தடை இருக்கு. சொல்லாம வச்சது என் தப்பு. இப்ப பின்னால கொட்டாயில தனியா ஒரு சின்ன ஐஸ்பெட்டி, பூட்டு போட்டு, போத்தலுக்கு சிவப்பு டேப் சுத்தி வச்சிருக்கேன். வீட்டுல பிள்ளைங்க, வயசானவங்க இருந்தா தயவு செஞ்சு மொதல்ல இத செய்ங்க.

---

அண்ணே படிக்கும்போதே பதறிப் போச்சு, அம்மாவுக்கு ஒன்னும் ஆவல, அது போதும். நான் அமெரிக்காவுல ஒரேகான் மாநிலத்துல மூனு வருசம் வேலை பாத்தேன், இப்ப தைப்பிங். அங்க கடையிலயே சினை ஊறப்போட ரெடியா பவுடர் விக்கும், நாங்க அதத்தான் போடுவோம். அப்ப அதுல நெறைய பிராண்டுல சோடியம் சல்பைட்னு ஒரு ரசாயனம் இருந்துச்சு, சினை கலர் போவாம பளிச்சுன்னு நின்னது அதனாலதான். அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்த மாநிலத்து மீன் இலாகாவும் ஒரேகான் ஸ்டேட் யுனிவர்சிட்டியும் சோதனை செஞ்சு பாத்ததுல அந்த சினைய தின்ன சால்மன் குஞ்சுங்க செத்துருக்கு, காரணம் அந்த சல்பைட்தானாம். நாம பெரிய மீனுக்கு போடுறோம், முள்ளுல இருந்து உதிர்றத குஞ்சுதான் பொறுக்குது. அதுக்கப்புறம் நான் வாங்குறதுக்கு முன்னாடி டப்பாவ திருப்பிப் படிக்காம வாங்குனதில்ல. இன்னொன்னு, கையுறை போட்டுக்கங்க, கைக்கும் நல்லது, நம்ம கை வாடையும் சினையில ஏறாது.

---

அண்ணா நான் கோல கெட்டில் பக்கம். எங்கப்பா ரப்பர் மரத்துல பால் வெட்டிட்டு வந்து சாயங்காலம் ஓடைக்கு போவாரு, நானும் கூடவே போவேன். வெங்காரம் எல்லாம் எங்களுக்கு தெரியாது, கெலி மீன் (கெளுத்தி) சினைய கல்லுப்புல ரெண்டு நாள் பொதச்சு, நெழல்ல காய வச்சு எடுப்பாரு, கருவாடு போடுற மாதிரியேதான். கொஞ்சம் கெட்டியாத்தான் இருக்கும், ஆனா யாரு எடுத்து தின்னாலும் உப்புக் கரிக்குமே தவிர வேற பயம் கெடையாது. வருசக் கடைசி பெரிய மழையில வயிறு ரொம்பின மீன் மாட்டுனா மட்டும் முள்ள மெதுவா கழட்டி திரும்ப விட்டுருவாரு, என்னையும் தொட விடமாட்டாரு. அதனால சினை எப்பவுமே பசார் மீனோடதுதான்.

---

தங்கச்சி, கல்லுப்பு போட்டு காய வச்சதுக்கு அப்புறம் எத்தன நாள் தாங்குச்சுன்னு ஞாபகம் இருந்தா சொல்லும்மா. என்னோடது ஃப்ரீசர்ல நாலு மாசம் வரைக்கும் நல்லா இருந்துச்சு, அதுக்கு மேல வச்சுப் பாக்கல. தம்பி சொன்ன கையுறையும் வாங்கிட்டேன். சனிக்கெழம ரோகு சினை ரெண்டு சோடி சொல்லி வச்சிருக்கேன், ஒன்னு வெங்காரம் ஒன்னு வெறும் கல்லுப்பு, ரெண்டையும் ஒரே எடத்துல போட்டுப் பாத்துட்டு வந்து எழுதுறேன். அம்மா வறுக்குறதுக்கு தனியா கால் கிலோ சொல்லியாச்சு.