கலைச்சொல் தேவை: தசைக் குறைவைக் காட்டும் குருதிச் சுட்டெண்

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். குருதிப் பரிசோதனை முடிவுகளை நோயாளிகளுக்கு விளக்கும் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தசை குறைந்தவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு சேரும் வாய்ப்பு கூடுதல் என்று விளக்கும் பகுதியில் 'சார்கோபீனியா இண்டெக்ஸ்' வருகிறது (சார்கோபீனியா என்பது தசை குறைந்து வலுவிழக்கும் நோய்); குருதியில் உள்ள கிரியாட்டினின் என்னும் கழிவுப்பொருளின் அளவைச் சிஸ்டாட்டின் சி என்னும் புரதத்தின் அளவால் வகுத்து 100-ஆல் பெருக்கிப் பெறும் எண் அது. 'தசைத்தேய்வுச் சுட்டெண்' என்று எழுதியிருக்கிறேன். தகுமா?

தமிழாசிரியர்:
அம்மா, மூலச்சொல்லை 1989-இல் இர்வின் ரோசன்பெர்க் முன்வைத்தபோது, ஊனைக் குறிக்கும் 'சார்க்ஸ்', வறுமையைக் குறிக்கும் 'பெனியா' என்னும் கிரேக்கச் சொற்களையே இணைத்தார். ஆகவே 'ஊன்குறை' என்பதே நேரானது. 'தன்னூன் பெருக்கற்கு' என்ற குறளில் ஊன் மனிதனின் சொந்த உடற்தசையையே சுட்டுகிறது. 'ஊ' என்னும் ஓரெழுத்தொருமொழிக்கே இறைச்சி என்பது பொருள். தொல்காப்பியரும் அதனை 'ஆ' என்னும் பெயரோடு ஒப்பவைத்தே சொற்புணர்ச்சி விதி கூறுவார். இத்தனை பழைய வேர் கையிலிருக்க, நிலவுக்கும் செருப்புக்கும் வழங்கும் 'தேய்வு' எதற்கு?

மருத்துவர்:
ஐயா, வேரில் எனக்கு ஐயமில்லை. படிப்பவரை நினைத்துத்தான் தயங்குகிறேன். 'ஊன்குறை' என்றால் இறைச்சியைக் குறைக்கச் சொல்வதாகவே நோயாளி எண்ணுவார். சமைத்த இறைச்சி உண்டபின் கிரியாட்டினின் சற்று உயரும் என்பதால், அந்தக் குழப்பம் இந்தப் பரிசோதனையில் சிறிய குழப்பமாக இராது.

அதைவிடப் பெரிய இடர் ஒன்றுண்டு. கிரியாட்டினின் பெரும்பாலும் தசையிலிருந்து வருகிறது. சிஸ்டாட்டின் சி-யை உட்கருவுள்ள எல்லா உயிரணுக்களும் சுரக்கின்றன. இரண்டையும் வடிகட்டுவது சிறுநீரகமே என்பதால், ஒன்றை மற்றொன்றால் வகுக்கும்போது சிறுநீரகத்தின் பங்கு பெருமளவு கழிந்து, தசையின் பங்கு எஞ்சுகிறது. கிரியாட்டினின் 0.8, சிஸ்டாட்டின் 1.0 எனில் எண் 80; தசை குறைந்து கிரியாட்டினின் 0.6 ஆனால் எண் 60. தசை குறையக் குறைய எண் இறங்குகிறது. 'தேய்வுச் சுட்டெண்' இறங்கினால் தேய்வு குறைந்ததென்று எவரும் மகிழ்வாரே! 'தசையிருப்புச் சுட்டெண்' என்பதே என் பரிந்துரை.

தமிழாசிரியர்:
மூலத்தில் உள்ள பிழையைத் திருத்துவது மொழிபெயர்ப்பாளரின் வேலையன்று.

மருத்துவர்:
துறையே தன் பெயர்களைத் திருத்திக்கொள்கிறதே, ஐயா. 'மதுசாராக் கொழுப்புக் கல்லீரல் நோய்' என்ற பெயரைப் பன்னாட்டுக் கல்லீரல் அமைப்புகள் 2023-இல் கைவிட்டு, வளர்சிதைமாற்றக் கோளாற்றோடு இணைத்து வேறு பெயர் சூட்டின. இன்சுலின் ஏவலால் குளுக்கோசை மிகுதியாக உள்வாங்குவது தசை. அது குறையும்போது கல்லீரலின் சுமை கூடுகிறது என்ற தொடர்பும் அப்பெயருக்குள் அடங்கும்.

இலக்கண ஆர்வலர்:
இடையில் ஒன்று. 'கொழுப்புக் கல்லீரல்' உருபும் பயனும் உடன்தொக்க தொகை, ஒற்று மிகும். 'கொழுப்பேறிய கல்லீரல்' பெயரெச்சத் தொடர்; மிகாது. கையேட்டில் இரண்டும் மாறிமாறி வருவதைத் தவிர்க்கலாம். எனக்குப் பின்னதே உகப்பு, ஏறியது இறங்கவும் கூடும் என்பதால். சார்கோபீனியா என்ற நோயின் பெயருக்குத் 'தசைநலிவு' எப்படி? ஐரோப்பிய வல்லுநர்களின் திருத்திய வரையறை தசையின் அளவுக்கு முன்னே வலிமைக் குறைவை வைக்கிறது. 'நலிவு' மெலிவையும் வலுவின்மையையும் சேர்த்தே சொல்லும்.

மொழிபெயர்ப்பாளர்:
நோய்க்குத் 'தசைநலிவு', எண்ணுக்குத் 'தசையிருப்புச் சுட்டெண்', கல்லீரலுக்குக் 'கொழுப்பேறிய கல்லீரல்' என்று அனுப்புகிறேன். முதல் வருகையில் மூலப்பெயரைத் தமிழெழுத்தில் தருவேன். தைராய்டுக் கோளாறும் ஸ்டீராய்டு மருந்தும் சிஸ்டாட்டின் அளவை மாற்றும் என்பதால், இந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டலாகாது என்ற வரியையும் அதனருகிலேயே சேர்க்கிறேன்.

தமிழாசிரியர்:
பெரும்பான்மைக்குத் தடையாக நில்லேன். ஆயினும் 'இருப்பு' கிடங்குக் கணக்கின் சொல். உடம்புக்கு அது ஒட்டவில்லை. அடுத்த பதிப்புக்கு முன் 'ஊன்' மீண்டும் இங்கே எழுப்பப்படும்.